குளியலறை வாசலில் சிந்திய எண்ணெய்

ஏப்ரல் 8, செவ்வாய்

கைப்பிடிக் கம்பி ஒருவழியாக வந்துவிட்டது. கழிப்பறைப் பக்கம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. சுவரில் துளை போட்டுப் பொருத்தியது பின்தெரு பரஞ்சோதி. என் முழு எடையோடு கம்பியில் தொங்கிப் பார்த்தேன். "அண்ணே, இது ஸ்கூல் பஸ் இல்ல லா, இப்படித் தொங்காதீங்க" என்று சிரித்தான். சிரிக்கட்டும். முப்பத்தோரு வருடம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவன் நான். ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாலும் பஸ்ஸை நகர்த்தியதில்லை. ஒரு சின்ன விபத்துகூடக் கிடையாது. எங்கள் பாக்கார் ஆராங் வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

என் வீட்டுக்காரி ரமணி விழுந்து இன்றோடு இருபத்து நான்கு நாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடுப்பில் அடி மட்டும்தான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்கிறாள். கழிப்பறைக்குப் போவதென்றால் நான் கையைப் பிடிக்க வேண்டும். கம்பியைப் போட்டாயிற்று என்று சொன்னேன்.

"அந்தக் கம்பி வரைக்கும் யாரு நடந்து போறது?" என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

கால்மிதிகளைச் சுருட்டிக் கட்டி ஸ்டோரில் போட்டேன். ஹாலில் குறுக்கே கிடந்த காற்றாடி வயரைச் சுவரோரம் ஒட்டினேன். குளியலறை பல்பை மாற்றினேன், இப்போது கண் கூசுகிறது. வீடு தயார். அவள் மட்டும் நடக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. கல்யாணமான நாற்பத்து மூன்று வருடத்தில் ரமணி கோயிலுக்குப் போகாத வருடப்பிறப்பு இதுதான். பட்டுச் சேலையை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "நாற்காலிக்கு எதுக்குப் பட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக் காளியம்மா அக்கா பாயசம் கொண்டுவந்தார். அன்றைக்கு அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அவர்தான். ரமணி அவரிடம் சொல்கிறாள்: "இவரு சிலிப்பர் தேஞ்சி போச்சின்னு சொல்றாரு. எனக்கு என்னமோ அது இல்லக்கா. தரை காஞ்சிதான் கெடந்துச்சி, சும்மாதான் நடந்தேன், காலு தானா போயிடுச்சி. காஞ்ச தரையில போற காலு மறுபடி எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்?"

நான் பாயசக் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவேன். தரை காய்ந்து கிடக்கவில்லை.

அவள் விழுந்த அன்று சனிக்கிழமை, என் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் தேய்த்து, ஊறி, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு நான் வந்துவிடுவேன். பிறகு உள்ளே போய்த் தரையைத் தேய்த்துக் கழுவுவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். உள்ளே வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும், பார்த்துத்தான் கால் வைப்பாள். அன்றைக்கு மிச்ச எண்ணெயை அடுப்படியில் வைக்கலாம் என்று கிண்ணத்தோடு வந்தேன். குளியலறை வாசலுக்கு வெளியே, வெள்ளை டைல்ஸில், உள்ளங்கை அளவு சிந்திவிட்டது. பார்த்தேன். நல்லாத்தான் பார்த்தேன். கழுவும்போது இதையும் அவ சேத்துக் கழுவிடுவான்னு நெனச்சி டிவி முன்னால போய் உக்காந்துட்டேன். "அங்க எண்ணெ கெடக்கு" — இதச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அதோடு விட்டேனா? ஆம்புலன்ஸ் வருவதற்குள், காளியம்மா அக்கா அவளைத் தாங்கி ஹாலில் உட்கார வைத்திருந்த நேரத்தில், துண்டை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தேன். சோப்புப் போட்டுத் துடைத்தேன். பிறகு எல்லாரிடமும் சிலிப்பர் என்றேன். மகன் திவாகரன் அதை நம்பி ஷா ஆலமிலிருந்து மூன்று ஜோடி புதுச் சிலிப்பர் அனுப்பிவைத்தான்.

வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனேன். தர்மினி என்று ஒரு சின்னப் பெண், நல்ல பொறுமை. ரமணியை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாள். நான் கையைப் பிடித்தபடி ஏழு முறை எழுந்தாள். கையை விடச் சொன்னதும் எட்டாவது முறை எழவே இல்லை, அழுதுவிட்டாள்.

தர்மினி என்னைத் தனியாக அழைத்தாள். "கால்ல பலம் இருக்கு அங்கிள், பயந்தான் பிரச்சன. இப்படியே உக்காந்திருந்தா இருக்கிற பலமும் போயிடும், அப்புறம் நெஜமாவே விழுவாங்க. எதுல வழுக்கிச்சின்னு தெரிஞ்சவங்க சீக்கிரம் நடந்துடுவாங்க. ஆண்டிக்கு ஏன் விழுந்தோம்னே தெரியல லா. அவங்க காலையே அவங்க நம்பல."

பார்க்கிங் நேரம் முடியப்போகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

எண்ணெய் தேய்க்கவில்லை. "அஞ்சு வாரமா தேய்க்கல, ஒடம்பு சூடு ஏறிடப் போவுது" என்று கவலைப்படுகிறாள். என்னைப் பற்றி.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை இளைத்துப்போயிருக்கிறது. கால்களும்தான், நைட்டிக்குக் கீழே கெண்டைச் சதை தொங்குகிறது.

சாயங்காலம் திவாகரன் போன் செய்தான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் ஷா ஆலம் வந்துவிடுங்கள் என்றான். பதினான்காவது மாடி, லிப்ட் இருக்கிறது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறான், எத்தனையோ முறை திட்டி அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை "சரிப்பா, அடுத்த மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போ" என்றாள்.

போனை வைத்ததும் கேட்டேன், நிஜமாகவா என்று.

"எங்க உக்காந்தா என்ன. உக்கார்றதுதானே."



மே 1, வியாழன்

சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து யோசித்து, கடைசியில் ஒரே மூச்சில் கொட்டினேன். "உன் கால்ல ஒன்னும் இல்ல. தரையில எண்ணெ இருந்துச்சி. நான்தான் சிந்தினேன், பாத்துட்டும் சொல்லல. அப்புறம் தொடச்சிட்டேன்."

"எப்ப தொடச்சீங்க?"

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள."

"கை ஒடஞ்சி நான் கத்திக்கிட்டு இருந்தேனே, அப்பவா?"

ஆமாம் என்றேன்.

"ஒன்றர மாசமா என் காலப் போட்டு நான் திட்டிக்கிட்டு இருக்கேன். பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

மன்னிச்சுக்கோ என்று சொன்னதாக ஞாபகம். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

மே 2, வெள்ளி

பேசவில்லை. கழிப்பறைக்குப் போகக் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். காளியம்மா அக்காவுக்குப் போன் போட்டு வரவழைத்தாள். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, எல்லாம் சொல்லியாயிற்று.

மே 3, சனி

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி கிரீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தால் ரமணி நிற்கிறாள். தானாக எழுந்து நிற்கிறாள். பேப்பரைப் போட்டுவிட்டு எழப்போனேன்.

"உக்காருங்க" என்றாள். இரண்டு நாளில் பேசிய முதல் வார்த்தை.

உட்கார்ந்தேன். வலது கையைச் சுவரில் வைத்து நடந்தாள். சாப்பாட்டு மேசை வரை ஒரு மூச்சு, அங்கே கொஞ்சம் நின்றாள். நாற்காலிக் கையை நான் இறுக்கிப் பிடித்ததில் விரல் வலித்தது. குளியலறை வாசலுக்கு முன்னால், அதே இடத்தில், கட்டை விரலால் டைல்ஸைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அழுத்தி மிதித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. ஸ்பூன் சத்தம் கேட்டது. ஒரே ஒரு குவளை தே ஓ, பால் இல்லாத தேநீர், போட்டு அங்கேயே நின்று குடித்தாள். எனக்குப் போடவில்லை.

பத்து மணிக்குத் திவாகரன் போன் செய்தான், லாரி பிடிக்கும் விஷயமாக. போனை அடுப்படிக்குக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"நான் எங்கயும் வரல, தம்பி. வேணும்னா உங்கப்பாவக் கூட்டிட்டுப் போ" என்றாள். அப்புறம் என்னைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அரைமணி நேரம் ஆயிற்று. முழுவதையும் நின்றுகொண்டேதான் சொன்னாள்.