எண்ணச் சொன்ன குற்றம்

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக் கண்ணாடியைச் சபையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

இந்தச் சபையின் ஆயுளை இன்னும் ஓராண்டு நீட்ட ஒரு மசோதா. தேர்தலைத் தள்ளிப்போட்டு, நமக்கு நாமே ஒரு வருடம் கூட்டிக்கொள்வது. சபாநாயகர் ஒரே மூச்சில், "ஆம் என்போர், இல்லை என்போர், ஆம் என்போரே அதிகம், முதல் வாக்கெடுப்பு முடிந்தது" என்றார். நடுவில் மூச்சு விட்டிருந்தால்தானே யாராவது வாயைத் திறக்க முடியும்? எதிர்க்கட்சி டாக்டரம்மா எழுந்து, பெயர் பதிந்து எண்ணுங்கள் என்று கேட்டார். அவருடைய மைக் அணைந்தது. தானாகவா அணைந்தது?

நான் துணை சபாநாயகர். அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். என் காதில் ஓங்கி விழுந்தது 'இல்லை'. எங்கள் கட்சியிலேயே பலர் உதட்டைப் பிரிக்கவில்லை. குரல் வாக்கெடுப்பு என்றால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். எண்ணினால் பெயர் நிற்கும்.

மார்ச் 4

சபாநாயகர் அறைக்குப் போனேன். சுவர் முழுக்க அவருக்கு முன்னால் இருந்தவர்களின் படங்கள். மூன்றாவது படத்தில் இருப்பவர், சொந்தக் கட்சிப் பிரதமரையே "உட்காருங்கள், இது உங்கள் நேரம் இல்லை" என்று உட்கார வைத்தவர். அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. படம் மட்டும் கிடைத்தது.

"எண்ணியிருக்கலாமே, சார்" என்றேன்.

"யார் சத்தம் பெரிசுன்னு என் காதுதாம்மா சொல்லணும். விதி அப்படி."

"ஒருத்தர் கேட்டாலே எண்ணணும்னும் அதே விதியில இருக்கே."

"கேட்டாங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கவில்லையாம். என்ன வாய் இது.

மார்ச் 5

வயிற்றெரிச்சல் தீரவில்லை. இந்தச் சபாநாயகர் பதவி இங்கிலாந்தில் முளைத்த காலத்தில், சபையின் சொல்லை அரசனிடம் கொண்டுபோவதுதான் வேலை. அரசனுக்குப் பிடிக்காத சொல்லாகவும் இருக்கும். அந்த நாற்காலியில் இருந்தவர்களில் சிலருக்குத் தலையே போயிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைக்கும் வழக்கம் இன்றும் சில சபைகளில் உண்டு. இவரை யார் இழுத்தார்கள்? ஓடிப்போய் உட்கார்ந்தார். இப்போது அரசாங்கத்தின் சொல்லைச் சபைக்குக் கொண்டுவருகிறார். அதே தபால்காரர் வேலைதான். திசை மட்டும் மாறிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி வந்தான். கூடப் பிறந்தவன், ஆளும் கட்சிக் கொறடாவும் அவன்தான். எங்கள் உறுப்பினர்கள் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறவன். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"அக்கா, புதன்கிழமை கடைசி வாக்கெடுப்பு. சபாநாயகருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேர்றாரு. நீதான் உக்காரணும்."

"புதன்கிழமை வரப்போற நெஞ்சு வலி இன்னைக்கே தெரிஞ்சுடுச்சா?"

என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தாமலே, "அவருக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்" என்றார். தம்பி சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா எண்ணச் சொல்லிக் கேப்பாங்க. நீ காதுல வாங்காத. 'நிறைவேறியது'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுடு."

"எண்ணினா தோத்துடுவோம்னு பயமாடா?"

"பயம் இல்லக்கா. நிச்சயம்."

எழுந்தவன், "உனக்கு இந்தப் பதவி வாங்க நான் எத்தனை பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா?" என்றான்.

"விழச் சொன்னேனா?"

சாப்பிடாமல் போய்விட்டான். போகட்டும். எனக்கும்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 10

ஆஸ்பத்திரிப் படுக்கையில் சபாநாயகர் இருக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும். பக்கத்தில் பழக்கூடை. கழுத்தை அறுப்பது அவர்கள், கத்தி மட்டும் நான்.

மார்ச் 11

நாற்காலியில் உட்கார்ந்தேன். 'ஆம்' என்றார்கள். 'இல்லை' என்றார்கள். நிஜமாகவே எது பெரிது என்று சொல்ல முடியவில்லை.

டாக்டரம்மா எழுந்தார். மைக்கை அணைக்க யாருக்கும் நான் சைகை காட்டவில்லை. முன்வரிசையில் தம்பி, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தான். சின்ன வயதில் அப்பாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இப்படித்தான் அசைப்பான். அதைப் பார்த்ததும் தண்ணீர் குடித்தேன்.

"எண்ணப்படும். மணி அடியுங்கள். கதவுகளைச் சாத்துங்கள்."

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். அமைச்சர் ஒருவர், "யார் போட்ட பிச்சைன்னு மறந்துட்டியா?" என்று ஒருமையில் கேட்டார். அவர் பேசியதும் பதிவாகும் என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

மசோதா தோற்றது. எங்கள் ஆட்களே பலர் எதிர்த்துப் போட்டிருந்தார்கள்.

மார்ச் 12

அவர்களில் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னார்கள். பின்வாசல் வழியாக.

மார்ச் 19

என்னைப் பதவியிலிருந்து நீக்கத் தீர்மானம். நடுநிலை தவறினேனாம். நானா? மைக்கை அணைச்சவரு நடுநிலை, எண்ணச் சொன்னவ கட்சி கட்டினவளா? எந்த ஊர் நியாயம் இது? முதல் கையெழுத்து கொறடாவுடையது. தம்பி, நீயுமாடா.

வீட்டுக்காரர், "அவன் வேலை அது" என்றார். அவரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 2

இன்று வாக்கெடுப்பு. நெஞ்சு வலி பூரணமாகக் குணமாகி, சபாநாயகரே தலைமை தாங்கினார். உறுப்பினர் வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் கேட்டேன். நீக்குவது பற்றிய தீர்மானத்தை எண்ணித்தான் ஆக வேண்டும் என்று விதி இருப்பதால் எண்ணினார்கள். பின்வாசலில் நன்றி சொன்னவர்கள் வரிசையாக 'ஆம்' பக்கம் போனார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

கதவைத் திறந்ததும் வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் ஜன்னலோரம் தம்பி நின்றிருந்தான், கையில் ஒரு டீ கிளாஸ்.

"நீ உள்ள இல்லையா?"

"டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க."

அவன் டீயே குடிப்பதில்லை. கிளாஸ் நிறைய இருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது.

"கொறடாவே உத்தரவை மீறினா என்னடா ஆகும்?"

"என்ன ஆகும். வேற கொறடா."

என் அறையிலிருந்த இரண்டு பெட்டிகளையும் அவனே தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தான். அவனும் ஏறிக்கொண்டான். வீட்டில் இரண்டு முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.