கடப்பாறைப் படிக்கு நீ கிழித்த துணி

அக்கா,

நாளைக்கு மலைக்குக் கொண்டுபோகும் பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பையின் அடியில் கை பட்டதும் துரு வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால், பழைய புடவையிலிருந்து நீ கிழித்த இரண்டு துணித் துண்டுகள். உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ பர்வதமலை ஏறியபோது கையில் சுற்றிக்கொண்டவை. துவைத்துப் போடுகிறேன் என்று அம்மா கேட்டதற்கு நீ தரவில்லை. "இருக்கட்டும்மா, அடுத்த தபா போறப்ப கடப்பாறைக்கு என்னை அடையாளம் தெரிய வேணாமா?" என்றாய்.

அந்த அடுத்த தபா நாளைக்குத்தான். போவது நான்.

தறிக்குழிக்குள் இறங்கி, மிதிபலகைக்குப் பக்கத்தில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே வைத்தால் வெளிச்சம் கூடத்துக்குத் தெரியாது. அம்மா உன் பெண்ணை அணைத்துக்கொண்டு அங்கேதான் படுத்திருக்கிறாள். அவள் புரண்டால் வளையல் சத்தம் கேட்கும். கேட்டதும் ஊதி அணைத்துவிடுவேன். பயமாக இருக்கிறது அக்கா.

பிரசவத்துக்கு நீ இங்கே வந்திருந்தபோது மத்தியானங்களில் இதே தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பாய். ஒரு நாள் உன் வயிற்றின் மேல் விரலை ஓட்டி எனக்கு வழி காட்டினாய். "இது அடிவாரம். இங்கேர்ந்து காடு, மூச்சு வாங்கும். இங்க வந்தா வெறும் பாறை, அதுல கடப்பாறைய அடிச்சு நட்டு வெச்சிருக்கான், அதான் படி. பக்கத்துல சங்கிலி. கீழ மட்டும் பாக்காத." விரல் தொப்புளுக்கு வந்ததும் வயிறு ஒரு பக்கம் துள்ளியது. "பாத்தியா, உச்சியில சாமி ஒதைக்குது!" நாம் சிரித்த சிரிப்பில் அப்பா தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

நல்லபடியாகப் பெற்றுவிட்டால் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஏறி இறங்குவது என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டாய். துணி சுற்றவும் அப்போதுதான் சொல்லிக்கொடுத்தாய். "உள்ளங்கைக்கு மட்டும் சுத்தினா பத்தாதுடி. வெரல் நுனி வரைக்கும் சுத்தணும். வெயில்ல இரும்பு மொதல்ல சுடுறது அங்கதான்."

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நீதான் இல்லை.

சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். உன் வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். "மொத பஸ்ஸுல ஆரணி, அப்பால போளூரு, அங்கேர்ந்து அடிவாரத்துக்கு வேற வண்டி" என்று அப்பா திட்டம் போட்டார். "வெயில் ஏறங்காட்டியும் காட்டைத் தாண்டிடணும். பொழுது சாயறதுக்குள்ள கீழ எறங்கிடணும். மேல தண்ணி கெடைக்காது, ஆளுக்கொரு கூஜா."

"இவ ஏறுவாளா? மொட்டை மாடிக்கே ரெண்டு தடவ நின்னு போறவ" என்றார் மாமா. பழைய கேலிதான். யாரும் சிரிக்கவில்லை.

"ஏன், பெரியவ ஏறலியா? கூடப் பொறந்தவ ஏறினாத்தான் அவ பிரார்த்தனை தீரும்" என்றாள் அம்மா. அவளுக்கு முழங்கால் வலி. குழந்தையோடு வீட்டில் இருப்பாள். அப்பாவும் மாமாவும் நானும்தான் போகிறோம்.

அதற்கு மேல்தான் அப்பா சொன்னார். "அங்க பூசாரி கெடையாது, நாமளே பூசை பண்ணலாம். அப்பிடியே பூவும் கட்டிப் பாத்துடுவோம்."

எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு வந்தால் நான் மாமாவுக்கு. வெள்ளை வந்தால் வேண்டாம். பூப் பொட்டலத்தை எப்போதும் குழந்தை கையால்தான் எடுப்பார்கள். பாப்பாவை அந்தப் பாறையில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, அதனால் நானே எடுக்க வேண்டுமாம்.

"படிக்கிற பொண்ணுங்க அது" என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார்.

"படிச்சிக்கினே இருந்தா இதை யாரு பாக்கறது? நாளைக்கு எவளோ ஒருத்தி வந்து, இது எவ பெத்ததுன்னு சோறு போட மாட்டேன்னா?" என்று அம்மா அழுதாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் கல்யாணத்தன்று மாலை கனக்கிறது என்று கழற்றி, "கொஞ்சம் வெச்சிரு பாப்பா" என்று என் கையில்தானே கொடுத்தார்? அந்த மாலையின் ஈரம் இப்போது ஞாபகம் வருகிறது. ஸ்கூல் பைனல் வரைக்கும் என்னைப் படிக்க வைப்பதாக அப்பாவிடம் வாக்கு வாங்கினாயே. நீ போன பிறகு அதை யாரும் பேசுவதில்லை.

பொட்டலம் இரண்டையும் அம்மாதான் கட்டிப் பையில் வைத்தாள். வீட்டில் வாழைநார் இல்லை. தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு இழையை எடுத்து இலையைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறாள். பட்டு வழுக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? அவசரத்தில் கட்டியிருப்பாள். துணியைப் பையிலிருந்து இழுத்தபோது ஒன்று தானாகவே பிரிந்துகொண்டது. உள்ளே செவ்வரளி. பதறிப்போய் அதே மாதிரி இரட்டை முடிச்சாகப் போட்டு மூடினேன். அப்படியானால் மற்றது வெள்ளை என்று நினைத்தேன். நினைத்த பிறகும் மனசு கேட்கவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.

அதுவும் செவ்வரளி, அக்கா.

அப்பாவுக்குத் தெரியாது. சாமியைக் கேட்கப்போகிறோம் என்று அவர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். அம்மா மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அவள் பாப்பாவைக் கீழே விடுவதே இல்லை. கூடத்தில் அவள் மூச்சு விடுவது இங்கே கேட்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

கொல்லையில் கிணற்றடிக்குப் போனேன். நந்தியாவட்டை இருட்டிலும் தெரிந்தது. இரண்டு பொட்டலத்துக்கும் போதுமான அளவு பறித்தேன். திரும்பி வரும்போது பாப்பா தூக்கத்தில் சிணுங்கினாள். பக்கத்தில் போனதும் என் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டாள். தினமும் இப்படித்தான் தூங்குகிறாள். அந்த விரல்களைப் பிரித்துவிட்டு வர வெகு நேரம் ஆயிற்று.

ஒன்றில் மட்டும் செவ்வரளியை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தேன். மீதிப் பூவைக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

வெள்ளை வைத்ததில் முடிச்சு நிற்கவில்லை. நீ தறியில் பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைப் பிணைக்கும்போது அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவாயே, அப்படி முறுக்கினேன். நின்றுவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணை மூடித் தடவினேன். ஒன்றில் முடிச்சு, மற்றதில் சாம்பல் முறுக்கு. விரலுக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் அவிழ்த்து அதே மாதிரி முறுக்கிவிட வேண்டும். அதுதான் நியாயம். சாம்பல் கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை போகமாட்டேன் என்கிறது.

வளையல் சத்தம் கேட்டது மாதிரி இருக்கிறது. அணைக்க வேண்டும். இந்தக் காகிதத்தை விடியற்காலையில் அடுப்பில் போட்டுவிடுவேன்.

நாளைக்கு நீ சொன்னபடியே விரல் நுனி வரைக்கும் உன் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறுவேன். கீழே பார்க்க மாட்டேன். உச்சியில் அப்பா பொட்டலங்களை வைத்துவிட்டு, எடும்மா என்பார். சுற்றின கையோடு எடுத்தால் எனக்கு எதுவும் தெரியாது. துணியை அவிழ்த்துவிட்டால் தெரிந்துவிடும்.