சமாளிக்கப்படுகிறது

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் உன் வயிற்றில் இருப்பவரும் நலம் என்று பதில் வந்தால்தான் எங்கள் நலம் முழுசாகும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் பிரசவத்துக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாற்று நர்ஸ் கிடையாதாம். பெரிய டாக்டரைத் திட்டாதே, நல்ல மனுஷர்தான். நான் அனுப்பிய மாத அறிக்கைகளை எடுத்து முன்னால் போட்டார். ஆள் பற்றாக்குறை என்ற கட்டத்தில் ஒன்பது வருஷமாக, மாதம் தவறாமல், என் கையெழுத்தில் 'சமாளிக்கப்படுகிறது'. நீங்களே இப்படி எழுதினா, ஆள் வேணும்னு மேல நான் எப்படிம்மா கேக்கறது என்றார்.

வீம்புக்கு எழுதவில்லை. பக்கத்து சுகாதார நிலையத்து நர்ஸ் 'முடியவில்லை' என்று எழுதினாள், ஆள் அனுப்புவதற்குப் பதில் அந்த நிலையத்தையே பூட்டிவிட்டு அந்தக் கூட்டத்தையும் என் தலையில் கட்டினார்கள். முன்பெல்லாம் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டி வருவேன், இப்போது அவர்களே காலையில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வரிசையைத் தாண்டி என்னால் வெளியே போக முடியவில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏந்திய கை, பெற்ற மகளுக்கு உதவவில்லையே என்று மருந்து அறையில் போய் அழுதேன். அப்பாவிடம் சொல்லாதே, அவர் உடனே தானே வந்து பிரசவம் பார்ப்பதாகக் கிளம்பிவிடுவார், ஊசியைக் கண்டாலே மயங்குகிற ஆள்.

இந்த மாத அறிக்கையில் 'சமாளிக்க முடியவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பூட்டிருவாங்கக்கா என்றார் கம்பவுண்டர். பூட்டினால் இங்கே முப்பத்திரண்டு கர்ப்பிணிகள் எங்கே போவார்கள் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

தலைவலி நிற்காவிட்டாலும், பார்வை மங்கினாலும், குழந்தை அசைவது குறைந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. உன் போன கடிதத்தின் கடைசியில், நீ வராட்டியும் நான் சமாளிச்சுக்குவேன்மா என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும். அது மட்டும் வேண்டாம் கண்ணு. வலி வந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, என்னால முடியல, கூட வாங்க என்று சத்தமாகச் சொல்.

தாயும் சேயும் சுகமாக இருக்க என் ஆசிகள்.

வர முடியாத உன்
அம்மா