புதன்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க முடியாது

உடுவில்,
ஒக்ரோபர் மாதம், ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் ஜொனதனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் வீட்டிலும் அம்மா அந்த முதியோர் இல்லத்திலுமாக இரண்டு பேரும் சுகம். நீயும் நிஷானியும் பிள்ளைகள் றயனும் றெபேக்காவும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று நான் ஓரிடத்திலும் அம்மா ஓரிடத்திலும் இருந்து ஜெபிக்கிறோம், ஆகையால் இப்போது உங்களுக்கு இரட்டை ஜெபம் கிடைக்கிறது. போனில் நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் நிற்கிறாய், பிள்ளைகள் குறுக்கே வந்து முகம் காட்டுகிறார்கள், எனக்கும் வாய் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நிஷானியின் ஒன்றுவிட்ட தங்கை கீர்த்திகா லீவு முடிந்து ரொறன்ரோ திரும்புகிறாள், அவளிடம் கொடுத்து விடுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

போன கிழமை நீ கோபத்தில் கேட்டாய், ‘அம்மா என்ன ஆருமில்லாத மனிசியே, நான் ஒருத்தன் இருக்கேக்கை ஏன் அங்கை கிடக்க வேணும்’ என்று. டிசம்பரில் நீங்கள் வரும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும், என்னால் சொல்ல முடியாவிட்டால் நீயே அம்மாவோடு கதைப்பதாகவும் சொன்னாய். நீ கோபிப்பதில் பிழை இல்லை மகன். எனக்கு ஹேர்ணியா ஒப்பரேஷன் செய்த நேரம், விழுந்து எழும்பின மனிசியைப் பார்க்க ஆள் இல்லை என்று, ஒரு மாதத்திற்குத்தான் அம்மாவை மருதனார்மடத்திற்கு அங்காலே உள்ள அந்த இல்லத்தில் விட்டோம். எனக்குக் காயம் ஆறி நான் நன்றாக நடமாடுகிறேன், வருடமும் முடியப் போகிறது, அம்மா வருகிற யோசனையில் இல்லை.

நீ ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் லண்டனில், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உன் ஊரில்தான், இரண்டு கேற்றிலும் பூட்டு. மதிலுக்கு மேலால் மீன்காரனின் ஹோர்ன் சத்தம் வரும், அவ்வளவுதான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அம்மா குளியலறை மாபிளில் சறுக்கி விழுந்த பிறகு நான் பயந்துபோய் அவரை ஒன்றும் தொட விடவில்லை. இருந்த இடத்திற்குத் தேத்தண்ணி, இருந்த இடத்திற்குச் சோறு, தாங்கு தாங்கென்று தாங்கினேன். தாங்கத் தாங்க அம்மா சோர்ந்துகொண்டே போனார். சீனியும் பிரஷரும் ஏறின, சாப்பாடு குறைந்தது, பேச்சு ஓம் இல்லை என்பதோடு நின்றுவிட்டது. உன்னோடு வீடியோவில் கதைக்கும்போது மட்டும் சிரிப்பார், போனை வைத்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அதை நீ கண்டிருக்க மாட்டாய்.

இப்போது அங்கே போய்ப் பார்க்க வேண்டும் உன் அம்மாவை. காலையில் எல்லோருமாகச் சேர்ந்து நீள வாங்கில் குந்தியிருந்து வெங்காயம் உரிக்கிறார்கள், முருங்கையிலை உருவுகிறார்கள், ஊர் உலகத்தை ஒரு பிடி பிடிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் செபஸ்தியம்மா என்று குருநகரில் மீன் விற்ற மனிசி, எங்களைப் போல வேதக்காரர் என்றாலும் அவர் கத்தோலிக்கம், அம்மா சங்கீதம் வாசிக்கும்போது அவரும் அவர் செபமாலை சொல்லும்போது அம்மாவும் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்தான், ‘ரீச்சர், இருந்தால் கால் இறுகிப்போம், எழும்பி நடவுங்கோ, நான் பிடிக்கிறன்’ என்று அம்மாவை வளவு முழுக்க நடத்தி எடுத்தவர். நான் எத்தனை தரம் கெஞ்சியும் எழும்பாத கால். நத்தார் ஆராதனைக்குப் பாட்டுக் குழு ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அல்ரோ குரலில் பாட ஆளில்லை என்று அம்மாவைப் பிடித்துவிட்டார்கள். கிளினிக்கில் டொக்டர் மருந்தைக் குறைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, ‘ஐயா, இப்பிடியே இருந்தால் ரீச்சர் கனகாலம் சுகமாய் இருப்பா, இடத்தை மட்டும் மாத்திப்போடாதேங்கோ’ என்றார். நான் தலையாட்டினேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், நான் வெளியில் வந்து ஓட்டோவில் ஏற மறந்துபோய் வெயிலுக்குள் நின்றேன்.

என்னையும் சேர்க்க முடியாதா என்று நீ கேட்பாய். கேட்டுப் பார்த்தேன் மகன், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அது மிஷன் காலத்தில் கலியாணம் கட்டாத ரீச்சர்மாருக்கும் விதவைகளுக்கும் என்று தொடங்கின இடம், ஆண்களுக்கு வராந்தாவோடு சரி. பொறுப்பாக இருக்கும் பெண்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘ஐயா, உங்களுக்காகச் சட்டத்தை மாத்தினால் நாளைக்கு வாசலிலை வரிசை நிக்கும்’ என்றாள். இரண்டு பேரையும் எடுக்கிற இடம் பருத்தித்துறைப் பக்கம் ஒன்று உண்டு, இப்போதைக்கு இடமில்லையாம், இடம் வந்தாலும் அங்கே செபஸ்தியம்மாவும் இல்லை, பாட்டும் இல்லை. பின்னேரங்களில் வராந்தாவில் போய்க் கதிரையில் இருக்கிறேன், கதலிப்பழம் கொண்டு போனால் அம்மா என் கண் முன்னே எல்லோருக்கும் பங்கிட்டுவிடுவார். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், ‘இஞ்சருங்கோ, புதன்கிழமையிலை மட்டும் வராதேங்கோ, அண்டைக்கு எங்களுக்குப் பாட்டுப் பழகிற நாள்’ என்றார். பெண் பார்க்கப் போன நாளிலும் நான் இப்படித் திரும்பி வந்ததில்லை.

ஊர் வாயையும் சொல்ல வேண்டும். புருஷன் இருக்க மனைவி விதவைகள் இல்லத்தில் என்றால் சும்மா விடுவார்களா? என்னோடு படிப்பித்த தியாகராசா மாஸ்ரர் சந்தைக்குள் பிடித்து, ‘என்ன மாஸ்ரர், வீட்டுக்குள்ளை ஏதும் பிரச்சினையோ’ என்று காதுக்குள் கேட்டார். போதகர் ஜெபக்கூட்டத்தில் ஆளின் பெயர் சொல்லாமல், ‘பிரிந்திருக்கிற குடும்பங்களைச் சேர்த்து வையும் ஆண்டவரே’ என்று உருக்கமாக ஜெபித்தார், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்கள். பிறகு எங்களை ஒற்றுமையாக்க என்று இல்லத்திற்கே போயிருக்கிறார், அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, அவருடைய ஆராதனைப் பாட்டுக்குத் தாளம் பிழைக்குது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நீ முன்பு சொன்னதைக் கேட்டு ஒரு சனிக்கிழமை அம்மாவை வீட்டிற்குக் கூட்டி வந்தும் பார்த்தேன். காலையில் வந்ததும் குசினியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது, எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு பழைய கதிரையில் இருந்தார். அதன் பிறகு பேச்சில்லை. நான் பாட்டைப் பற்றிக் கேட்டேன், ஓம் என்றார். டீவியைப் போட்டேன், அதையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கத் தொடங்கினார் ஜொனதன். நானே ஓட்டோவுக்குப் போன் பண்ணினேன். போகிற வழியில் வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன், ‘கூட்டித் துடைச்சு வையுங்கோ, பிள்ளையள் வரப்போகினம்’ என்றார். கொஞ்சம் போன பிறகு, ‘உங்களுக்கு ஏலாமல் இருந்தால் சொல்லுங்கோ’ என்றும் கேட்டார். எனக்கு என்ன, நான் நல்லாய் இருக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

நான் நல்லாய் இல்லை. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளைக்குக் கிடக்கிறது, ஒரு நல்ல செய்தி கேட்டால் திரும்பிப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. நோயாளியாக இருந்தாலும் பரவாயில்லை, பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கதிரையில் வந்து இருக்கட்டும் என்று சில நேரம் நினைக்கிறேன். அவர் மெலிந்து போவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதா, செழித்து இருப்பதை வராந்தாவில் இருந்து பார்ப்பதா என்று ஆண்டவரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவரும் என் பக்கம் பேசவில்லை.

டிசம்பரில் நீங்கள் வாருங்கள், வீட்டைத் துடைத்து வைக்கிறேன். பிள்ளைகளை இல்லத்திற்குக் கூட்டிப்போவோம், ஆராதனையில் அப்பம்மா பாடுவதை அவர்கள் கேட்கட்டும். றயனுக்கு இருமல் என்றாய், கவனம், தலைக்குக் குளிக்க வார்த்தால் உடனே துவட்டச் சொல்லு. நிஷானி இரண்டு வேலை செய்ய வேண்டாம், உடம்பு இருந்தால்தான் எல்லாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் மேசையைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கும்படி ஆசீர்வதிப்பாராக.

ஒன்று மறந்துவிடாதே ராசா. நான் கேட்டால் அம்மா யோசிப்பார், போதகர் கேட்டால் தேத்தண்ணி கொடுப்பார். நீ ஒரு சொல்லுச் சொன்னால் போதும், பெற்ற மனம் பித்து, அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து அந்தக் கதிரையில் இருந்துவிடுவார். அம்மாவோடு கதைக்கும்போது பாட்டைப் பற்றிக் கேள், செபஸ்தியம்மாவைச் சுகம் கேள், வீட்டுக்கு வா என்று மட்டும் கேட்காதே. பிறகு ஒரு நாள் நானே போன் எடுத்து அழுது கேட்டாலும் நீ கேட்காதே.

உன் அன்பு அப்பா,
இராசசிங்கம்