கம்பியில் குற்றம் சொன்ன அப்பா

வெள்ளவத்தை,
மார்கழி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகள் சுபோதினிக்கு,

அம்மாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், ஒஸ்லோக் குளிருக்குள் நீயும் ஜனாவும் பேத்தி ஆரணியும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். அப்பாவின் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கு என்னவோ என்று பதறாதே, எல்லாம் நல்ல செய்திதான். தொலைபேசியில் சொன்னால் என்ன என்று அம்மா கேட்டார். தொலைபேசியில் தொடங்கினால் நான் பாதியில் நழுவிவிடுவேன், கடுதாசியில் நழுவ முடியாது, அதனால் எழுதுகிறேன். நாலு மாதமாக நீ என்னோடு கதைக்கவில்லை. பிழை உன்னில் இல்லை. முழுப் பிழையும் என்னில்தான், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய், பிறகு கோபிப்பாய், இரண்டையும் செய்.

சனிக்கிழமைகளில் நான் பேஸ் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். அம்மாவோடு படிப்பித்த இமெல்டா ரீச்சரின் வீட்டு மேல்மாடியில் நாங்கள் நாலு பேர் கூடித் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று பழைய பாட்டுகளை வாசிக்கிறோம், கடைசியில் கட்டாயம் ஆட்களை எழுப்பி ஆடவைக்கும் பைலா. இமெல்டா பாடுவார், மருந்துக்கடை வைத்திருக்கும் ஸியாம் ட்ரம்ஸ் அடிப்பார், வங்கியில் வேலை செய்யும் அபிஷன் லீட் கிற்றார், நான் பேஸ். எங்களை யாரும் காசு கொடுத்துக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் சாப்பாடு போடுவார்கள், அது போதும். நுகேகொடையில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய அந்த யப்பான் பேஸை நீ படத்தில் பார்த்திருக்கிறாய், கல்லுப் போலப் பாரம், ஆனால் கழுத்து வளையாத வாத்தியம். அபிஷன் ஐந்து கம்பி உள்ளதை வாங்கச் சொன்னான், இருக்கிற நாலையே ஒழுங்காக வாசித்து முடியவில்லை, ஐந்தாவது எதற்கு என்று விட்டுவிட்டேன். வீட்டில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டு வாசித்தால் கீழ்மாடிக்காரரின் அலுமாரிக் கண்ணாடி அதிருதாம், அதனால் கையடக்கமான ஒரு சின்ன அம்ப்பும் காதில் மாட்டும் ஹெட்போனும்தான்.

இந்த வருடம் தொடக்கத்திலிருந்து அந்த பேஸின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. தலையணைக்குள் வைத்து வாசிப்பதுபோல மந்தமாகக் கேட்டது. கம்பி பழசாகிவிட்டது என்று மாற்றினேன். அதுவும் சரியில்லை என்று இன்னொரு செற் மாற்றினேன், இந்த முறை விரலில் அரத்தைப் போல உராயும் வரிக்கம்பி, அதுதான் எல்லாவற்றிலும் கூரான சத்தம் தருவது. பிறகு வயரைக் குறை சொன்னேன், புது வயர் வந்தது. பிறகு காலால் மிதிக்கும் ஒரு சின்னப் பெட்டி, சத்தத்தைக் கூராக்குவது, அதுவும் வந்தது. கிற்றாரில் உள்ள திருகியை முழுக்கத் திருகிவிட்டேன். அபிஷன் ஒருநாள் மெதுவாக, அங்கிள் கொஞ்சம் கூரா இருக்கு, காது வலிக்குது என்றான், உனக்கு பேஸ் என்றால் என்னவென்று தெரியுமா தம்பி என்று அவன் வாயை அடைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா குசினிக்குள் நின்று சொல்லியிருக்கிறார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை, இப்போதுதான் தானாக ஒத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பாட்டு நடுவில் நான் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினேன். ட்ரம்ஸில் காலால் மிதித்து மூடித் திறக்கிற இரண்டு பித்தளைத் தட்டுகள் இருக்கின்றன, ஹை-ஹட் என்பார்கள், சிக் சிக் என்று அதுதான் நேரத்தை எண்ணித் தரும், பேஸ்காரன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். ஏன் ஐசே அந்தத் தட்டை அடிக்காமல் சும்மா இருக்கிறீர், நான் எதைப் பார்த்து வாசிக்கிறது என்று ஸியாமை ஏசினேன். அவர் கோபிக்கவில்லை. அங்கிள், நான் அடிச்சிட்டுத்தானே இருக்கேன் என்றார். பொய் சொல்லாதையும் என்று திரும்பவும் ஏசினேன். ஸியாம் சற்று யோசித்துவிட்டு, அங்கிள் சும்மா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நில்லுங்க, நான் அடிக்கத் தொடங்கினதும் கையைத் தூக்குங்க என்றார். இமெல்டா வீட்டுச் சுவரில் இருக்கிற இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் முழந்தாளில் நிற்கிற பிள்ளையைப் போல. நேரம் போனது. தொடங்குமன், ஏன் மினைக்கெடுறீர் என்று கேட்டுக்கொண்டு திரும்பினால் ஸியாமின் குச்சி அந்தத் தட்டில் விழுந்து எழும்பிக்கொண்டிருக்கிறது. இமெல்டா கண்ணைத் துடைக்கிறார். அபிஷன் நிலத்தைப் பார்க்கிறான்.

பிள்ளை, நான் கிற்றாரைக் கழற்றிக் கதிரையில் வைத்தேன். வாய் தவறி, எனக்கும் அண்ணையைப் போல மூளை போகுது போல என்று சொல்லிவிட்டேன். ஒரு வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பயம் அது. பெரியப்பா கடைசியில் கேட்டதற்கெல்லாம் சம்பந்தமில்லாத பதில் சொன்னதும் பிறகு எங்களையே யாரென்று கேட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆட்கள் கதைப்பது எனக்கும் விளங்காமல் போகத் தொடங்கியபோது அதே வழிதான் என்று முடிவுகட்டிவிட்டேன். டொக்டரிடம் போனால் பெயர் சொல்லிவிடுவார் என்று போகவில்லை, அம்மாவிடமும் வாய் திறக்கவில்லை. இமெல்டா என் பக்கம் திரும்பி, சாந்தன் அண்ணன், பாட்டில ஒரு இடமும் நீங்க மறக்கல, இது மூளை இல்ல, காது என்று அடித்துச் சொன்னார். ஸியாம் தனக்குத் தெரிந்த காது டொக்டருக்கு அங்கேயே தொலைபேசியில் கோல் எடுத்தார்.

டொக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் இருத்திச் சோதித்துவிட்டு ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். கீழ்ச் சத்தமெல்லாம் நல்லாகக் கேட்கிறது, மேலே போகப் போகக் கோடு கிணற்றுக்குள் இறங்குகிறது. எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார். இரத்மலானையில் நெசவு ஆலை, மெஷின் பராமரிப்பு, இருபத்தாறு வருடம் என்றேன். காது அடைப்பான் போடவில்லையா என்று கேட்டார். தொழிலாளருக்கு அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே நான்தான் மகள். போடாதவர்களை ஏசினதும் நான்தான். நான் மட்டும் மெஷின் சத்தத்தில் பழுதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று போடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். மூளைக்கு ஒன்றும் இல்லை, வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்று டொக்டர் சிரித்தார், நான் வெளியே வந்து நீட்டு வாங்கில் குந்தி அழுதேன், அம்மா பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவ்வளவு ஆறுதல் எனக்கு.

இரண்டு கிழமையாக இரண்டு காதிலும் கருவி. அம்மா வாய்க்குள் என்னென்ன முணுமுணுக்கிறார் என்பதெல்லாம் இப்போது தெரிகிறது, சிலதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். எங்கள் ஒழுங்கைக்குப் பேக்கரிப் பாண் விற்கிறவரின் திரீவீலர் வருவதில்லை என்று ஒரு வருடமாகக் குறைப்பட்டேனே, அவர் தினமும் அந்தக் கிணுகிணுப் பாட்டைப் போட்டுக்கொண்டு வாசலால்தான் போயிருக்கிறார். கருவியோடு முதல்தரம் பேஸை எடுத்து வாசித்தபோது எனக்கே பல் கூசியது, தகரத்தில் ஆணி இழுப்பதுபோலச் சத்தம். இந்தப் பிள்ளைகள் எட்டு ஒன்பது மாதம் இதைப் பொறுத்திருக்கிறார்கள். அன்றைக்கே வரிக்கம்பியைக் கழற்றி வழவழப்பான கம்பியைப் போட்டேன், மிதிபெட்டியை அபிஷனிடம் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். போன ஞாயிறு மத்தியானம் இமெல்டாவின் பழைய மாணவிகளின் விருந்தில் வாசித்தோம். இடது பக்கத்தில் அந்தச் சிக் சிக் கேட்டது சுபோ. ஸியாம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். பைலாவுக்கு அம்மா கதிரையில் இருந்தபடியே தோளை ஆட்டினதை அம்மாவிடம் கேட்காதே, இல்லை என்பார்.

இனி உன் விஷயம். ஜனாவுக்குக் கோயில் மேளம் மாதிரிக் குரல், அவர் கதைத்தால் எனக்கு விளங்கும். உன் குரல் மெல்லிசு, ஆரணியின் குரல் அதைவிட மெல்லிசு, நீங்கள் இரண்டு பேரும் கதைப்பது தெரியும், என்ன கதைக்கிறீர்கள் என்று தெரியாது. அதனால்தான் மருமகனோடு அரை மணித்தியாலம், மகளோடு அரை நிமிடம். ஒன்றும் விளங்காதபோது, நல்லது நல்லது, சந்தோஷம், அம்மாட்டைக் குடுக்கிறன் என்று சொல்லிப் பழகிவிட்டேன், பத்தில் ஒன்பது தரம் அது பொருந்தும். ஆவணியில் உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று நீ அழுது சொன்னபோதும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். அதையாவது மன்னிக்கலாம். அம்மா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே, வேலை போச்சுது என்று பிள்ளை அழுகிறாள், தெரிஞ்சுதானே நல்லது என்று சொன்னனீங்கள் என்று கேட்டபோது, கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓம் தெரிஞ்சுதான் சொன்னனான், கஷ்டப்பட்டால்தான் புத்தி வரும் என்றேன். அது உன் காதில் விழுந்தது. மூளை போன மனிதன் என்று தெரிவதைவிடக் கல்நெஞ்சன் என்று தெரிவது பரவாயில்லை என்று அந்த நேரம் பட்டது. வேறு யாரிடமும் இல்லை, உன்னிடம் போய் அப்படி நடந்தேன். வெட்கமாக இருக்கிறது, என்னை மன்னித்துக்கொள். அப்பாவுக்கு என்னோடை கதைக்க விருப்பமில்லை, விடுங்கோ என்று நீ பிறகு சொன்னாயாம், அம்மா அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்து போன கிழமைதான் சொன்னார்.

கார்த்திகையில் உனக்குப் புது வேலை கிடைத்ததாக அறிந்தேன், வயிற்றில் பால் வார்த்தது. ஆனாலும் ஆவணியில் சொல்லவேண்டியது கடனாக நிற்கிறது, இப்போது சொல்கிறேன். அழாதை பிள்ளை, வேலை போனால் போகட்டும், உன்னிலை ஒரு குறையும் இல்லை, அப்பா இருக்கிறன்.

ஆரணிக்கு மீனெண்ணெயை மறக்காமல் கொடு, நீயும் குடி, குளிருக்குள் தலை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. ஜனாவுக்கு எங்கள் அன்பு. நீங்கள் மூவரும் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழவேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திரு. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு கோல் எடு, தொலைபேசியை ஜனாவிடம் கொடுக்காதே, நீயே முதலில் கதை. தொலைபேசிச் சத்தம் நேரே காதுக் கருவிக்குள் வருகிறமாதிரிச் செய்து தந்திருக்கிறார்கள், கத்தத் தேவையில்லை, உன் குரலில் கதை. என்னை ஏசுவதென்றாலும் ஆறுதலாக முழுக்க ஏசு. நீ சொல்லி முடிக்கும்வரை நான் நல்லது என்று சொல்லமாட்டேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா
சாந்தகுமார்