நூற்றுக்குத் தொண்ணூறு

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஆரிகனில் அத்தை வீட்டில் தங்கி வேலை பார்க்கும் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே மின்னசோட்டாவில் ஏரிப் பனி இளக ஆரம்பித்துவிட்டது, உறைந்த ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசைகளை எல்லாரும் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள், மிச்சம் என்னுடையதுதான், "அது முழுகும்போது கூப்பிடுங்க, காபி குடிச்சுக்கிட்டே பார்க்கிறேன்" என்கிறாள் அம்மா. இன்னமும் பெரிய பாத்திரத்தில்தான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேக வைக்கிறாள், மூன்று நாள் அதையே சாப்பிடுகிறோம். சின்னப் பாத்திரத்தைக் காணோமாம். அது அலமாரியில்தான் இருக்கிறது, நான் சொல்லவில்லை. நீ ஏரிக்கரைக் கல்லூரியில் சேர்ந்து வீட்டிலிருந்தே போய்வருவாய் என்று உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டியும்விட்டாள்.

அந்தக் கல்லூரியில் போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. நாலு வருஷம் முடித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எங்கள் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இடம் கிடைக்கிறது என்றார் பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முப்பது வருஷம் செய்தி எழுதிய வாய் சும்மா இருக்குமா, முதல் வருஷத்தில் டாக்டராக வேண்டும் என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "கூட்டத்துக்கு வந்த இடத்துலயும் நிருபர் வேலையா, பேசாம பிஸ்கட்டைத் தின்னுங்க" என்று அம்மா காலை மிதித்தாள். பேராசிரியர் மறைக்கவில்லை. விண்ணப்பத்தோடு கல்லூரிக் குழு ஒரு சிபாரிசுக் கடிதம் தர வேண்டுமாம், வேதியியலில் ஆரம்பத்திலேயே சறுக்கியவர்களுக்கு அதைத் தருவதில்லையாம், "அவங்க நல்லதுக்குத்தான், வேற பாதைக்கு மாத்திவிட்டுடுவோம்" என்றார். பாதிக்கு மேல் அப்படி மாறிவிடுகிறார்களாம். பிறகு அந்தத் தொண்ணூறுக்கு என்ன குறைச்சல்.

திங்கட்கிழமை, உனக்கு இடம் தந்திருக்கும் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் சிரித்துவிட்டு, "எங்க கணக்கு அவ்வளவு அழகா இருக்காது சார், நூத்துக்கு நாப்பதுதான். கேட்கிற எல்லாருக்கும் கடிதம் கொடுப்போம், கிடைக்கலைன்னா அடுத்த வருஷமும் கொடுப்போம்" என்றாள்.

மாரிட், நீ கார் லைசென்ஸை இரண்டாம் தடவை முயன்று வாங்கியவள். பள்ளியில் வேதியியலையும் முதல் தேர்வில் கோட்டைவிட்டு, கடைசித் தேர்வில் வகுப்பிலேயே முதலாக வந்தவள். இரண்டாம் தடவை தராத இடம் உனக்கு ஆகாது. பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தவிர இந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நேற்று அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "பக்கத்துல வேணும்னு கேட்டது நான். டாக்டராகணும்னு கேட்டது அவ. அங்கேயே சேரச் சொல்லி எழுதுங்க. நான் அழுதேன்னு எழுதாதீங்க" என்றாள். ஆகையால் அதை எழுதவில்லை.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனைந்த காலுறையோடு வேலைக்குப் போகாதே. மே முதல் தேதிக்குள் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவைக் கூப்பிடு. திரைச்சீலை என்ன நிறம் என்று மட்டும் கேட்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா

பி.கு.: மஞ்சள்.