யோசெப் வீட்டுப் போத்தல்கள்

மொன்ட்ரியால்,
உயிர்த்த ஞாயிறு கழிந்த இரண்டாம் கிழமை.

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம், நீயும் மருமகனும் பிள்ளைகளும் மெல்பேர்ணில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இந்தக் காகிதத்தைத் தொடுகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாருடையது என்று யோசியாதே பிள்ளை, என்னுடையதுதான். முன்பு உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. அம்மா போன பிறகு கடிதமும் நின்றுவிட்டது. அதுதான் சனிக்கிழமைகளில் பேத்தியைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போகிற நான் வெளியில் குளிரில் நிற்காமல் உள்ளே போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். நிரோஜா ரீச்சர் ஒரு பென்சிலைத் தந்தார். இப்போது பேத்தி என் கொப்பியைப் பார்த்து, அப்பப்பா உங்கட 'ண' வாலை ஆட்டுது என்று சிரிக்கிறாள். ஆடட்டும். இவ்வளவும் எழுதி முடிய என் தேநீர் ஆறிவிட்டது, ஆனாலும் எனக்கு இருக்கிற சந்தோசத்தை என்னவென்று சொல்வேன்.

உன் அண்ணனின் மேப்பிள் பாணி வியாபாரம் பற்றிப் போனில் கொஞ்சம் கேட்டிருப்பாய், முழுவதையும் அவன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். சென்-ஜெரோமுக்கு அங்கால் ஒரு தோட்டக்காரரோடு பங்கு சேர்ந்து மரங்களுக்குக் குழாய் போட்டு இனிப்புச் சாறு இறக்கி, பாணியாகக் காய்ச்சி, தகரத்தில் அடைத்து விற்கிறான். நல்ல பாணி, ஆனால் எங்கள் ஆட்களில் யாருக்கும் தெரியாது. இந்த வசந்தத்தில் விற்பனை ஏறாவிட்டால் திரும்ப லொறி ஓடப் போவேன் என்று மாசி மாதமே சொல்லிவிட்டான். லொறிக் கொம்பனிக்காரரும் எப்போது வாறாய் என்று போன் எடுத்துக்கொண்டே இருந்தார். அம்மா கண் மூடிய அன்று அவன் அல்பேட்டாவில் ஏதோ பனித் தெருவில் லொறியோடு நின்றது உனக்குத் தெரியும். அவன் இன்னுமொரு முறை அப்படி நிற்கக் கூடாது.

அதனால் ஆட்களுக்குச் சும்மா கொடுக்க மலிவாக ஏதாவது விளம்பரச் சாமான் பார்க்க வேண்டும் என்று அண்ணி சுதாஜினி குசினி மேசை முழுக்கப் படங்களைப் பரப்பினாள். பெயர் அடித்த பேனை, சாவிக் கோர்வை, பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம், துணிப் பை. ஆக மலிவு பேனைதான், அதையே எடுப்போம் என்றான் அண்ணன். எழுதப் பழகிய நாள் முதல் பேனை என்றால் எனக்கும் ஆசைதான், ஆனால், பேனையை நக்கினால் பாணி இனிக்குமோ தம்பி என்று கேட்டேன். அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்ப நீங்களே ஒண்டு சொல்லுங்கோவன் என்றான் அவன் கோபத்தோடு. எனக்கு அப்போது மதாம் லவுவாவின் போத்தல் ஞாபகம் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா பிள்ளை? நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் முதல் வீடு, வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் தட்டுகிற அந்த அப்பார்ட்மென்ற். முதல் பனிக்காலம் நீ குக்கல் இருமல் வந்தது மாதிரி இருமினாய். மேல் மாடி மதாம் லவுவா இறங்கி வந்து ஒரு போத்தலை நீட்டி உன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் சொன்னது ஒன்றும் எங்களுக்கு விளங்கவில்லை, இருமல் மருந்து என்று நினைத்து அம்மா உனக்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி தந்தாள். நீ இருமல் நின்ற பிறகும் இருமினாயே, கள்ளி! அது பாணி என்று தெரிந்த அன்று அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அதில் சீனிச் சம்பல் நிரப்பி உன் கையில் கொடுத்து மேலே அனுப்பினாள். மதாம் அதைத் தின்று கண்ணீர் வடித்து மூக்கைச் சீறினார், ஆனாலும் அடுத்த கிழமை போத்தல் பீற்றூட் ஊறுகாயோடு இறங்கி வந்தது. அப்படியே எத்தனை வருசம் ஏறி இறங்கியது. நான் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும்போது வாசலில் அந்தப் போத்தல் இருந்தால் அன்று களைப்பே தெரியாது.

நான் இந்தக் கதையைச் சொன்னதும் அண்ணன் பேனைப் படத்தை ஒதுக்கி வைத்தான். ஜாம் செய்கிற ஒருவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, மீந்து கிடந்த குட்டிப் போத்தல்களை மலிவாக வாங்கி வந்தான். அச்சடிக்கக் காசு வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். கொம்பனியின் பெயர் பிரெஞ்சில் நீட்டுக்கு இருக்கிறது, அது எனக்கு வராது. கோயில் பெருநாளுக்குக் கொண்டுபோகிற சட்டிகளின் அடியில் அம்மா நகப்பூச்சால் எழுதுவாளே, எழுத்துத் தெரியாத காலத்திலேயே என் கண்ணுக்குப் பழகிய அந்த இரண்டு சொல்லைத்தான் ஒவ்வொரு போத்தலிலும் எழுதினேன். யோசெப் வீடு. கீழே போன் நம்பர்.

பாணி நிரப்பி, ஞாயிறு பூசை முடிய மண்டப வாசலில் நின்று கொடுத்தோம். எல்லோரும் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கிழமைக்கு மேல் கிழமை போனது, ஒருவரும் போன் எடுக்கவில்லை. உங்கட யோசனையால போத்தலும் போச்சு பாணியும் போச்சு என்று அண்ணன் சொன்னான். அவன் லொறிச் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்துவிட்டான்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் கதவு மணி அடித்தது. மொன்ட்ரியால்-நோரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற றோசா. கையில் எங்கள் குட்டிப் போத்தல், அதற்குள் தேசிக்காய் ஊறுகாய். இந்தாங்கோ அண்ணை, வீட்டுப் பேர் போட்டிருக்கு, திருப்பித் தரவேணுமெல்லோ, பிந்திப்போச்சு என்றாள். ஐயோ அன்ரி, அது திருப்பித் தாறதுக்கில்லை, விளம்பரம் என்று அண்ணன் தலையில் கை வைத்தான். விளம்பரமோ விளக்குமாறோ, வெறும் போத்தலைத் தர எனக்கு மனம் வரேல்லைத் தம்பி என்றாள். ஏன் இவ்வளவு நாளும் ஒரு கதையும் இல்லை என்று அவன் கேட்க, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தபசு காலத்தில ஆரண்ணை இனிப்புக் குடுக்கிறது? பிள்ளையளுக்கு எட்டாமல் அலுமாரிக்கு மேல ஒளிச்சு வச்சு, நேற்றுத்தான் திறந்தனாங்கள் என்றாள். பார் பிள்ளை, நானே தபசு நோன்புக்குச் சீனி போடாமல் தேநீர் குடித்துக்கொண்டு ஊருக்கெல்லாம் பாணி கொடுத்திருக்கிறேன்! போகும்போது றோசா கடையில் வைக்கப் பெட்டி பெட்டியாகக் கேட்டாள்.

அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. மிளகாய்த்தூள், எள்ளுருண்டை, மாசிச் சம்பல் என்று குட்டிப் போத்தல்கள் நிறைந்து வீடு திரும்புகின்றன. திருப்பித் தர வருகிறவர்கள் வாசலில் நின்று கதைத்து, ஒரு தகரமாவது வாங்காமல் போவதில்லை. எங்கள் குசினி அம்மா இருந்த காலம் மாதிரி மணக்கிறது. நேற்று லொறிக் கொம்பனிக்காரர் திரும்பப் போன் எடுத்தார், வரவில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டான். சப்பாத்து அலுமாரிக்குள் போய்விட்டது.

மகள், வைகாசியில் அண்ணியின் தம்பி நிஷான் மெல்பேர்ணுக்கு வருகிறான், அவன் கையில் ஒரு சாமான் தந்துவிடுகிறேன். மதாம் லவுவாவை அவருடைய மகன் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போன அன்று போத்தல் எங்கள் வீட்டில் இருந்தது, முறை எங்கட பக்கம் நிண்டுபோச்சே என்று அம்மா எத்தனை நாள் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டாள். அந்தப் போத்தல்தான். அண்ணனின் பாணியை நிரப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு இருமல் வந்தாலும் கொடு, வராவிட்டாலும் கொடு. குளிர் தொடங்குகிறது என்றாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மருமகனை அதிகம் ஏசாதே. மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஐப்பசியில் அம்மாவின் நினைவுப் பூசை, மறவாதே. போத்தல் முடிந்தால் கழுவிக் காயவைத்து ஏதாவது நிரப்பு, தபாலில் மட்டும் போடாதே. இப்போது முறை உன் பக்கம். எங்கே கொண்டுவர வேண்டும் என்று போத்தலைக் கவிழ்த்து அடியில் பார், நகப்பூச்சால் நானே எழுதியிருக்கிறேன்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அப்பா
யோசெப்